பத்து மாதத்துக்கு முந்தைய இரவும் இப்போதைய நீர்க்கடுப்பும்

டாக்டர் பதில்கள்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 46. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இளவயதிலிருந்தே போர்வெல் ரிக் வண்டியில் வேலை. முதலில் டிரில்லராக இருந்தேன். இப்போது வண்டியும் ஓட்டிக்கொண்டு மேனேஜர் வேலையும் பார்க்கிறேன். வருடத்தில் பாதிக்கு மேல் வெளிமாநிலத்தில்தான் பிழைப்பு. போன மாசி மாதம் சத்தீஸ்கரில் தங்கியிருந்தபோது ஒரு பெண்ணிடம் போய்விட்டேன். உறை அணியவில்லை. வாழ்க்கையில் அது ஒரே தடவைதான். அதன் பிறகு உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனியில் ஊருக்கு வந்து மழைக்காலம் முழுக்க வீட்டில்தான் இருந்தேன். மனைவியுடன் வழக்கம்போல் வாழ்ந்தேன்.

ஐப்பசி தொடக்கத்தில் மறுபடியும் வண்டி ஏறினேன். அப்போது ஆரம்பித்தது. சிறுநீர் கழிக்கும்போது நுனியில் எரிகிறது. நெடுநேரம் வண்டி ஓட்டினால் விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் ஒரு கனமான வலி. சிறுநீர் வருவதற்குக் கொஞ்சம் நின்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. முடித்து வேட்டியைச் சரிசெய்த பிறகு சில சொட்டு கசிகிறது. இரவில் இரண்டு மூன்று முறை எழுகிறேன். சீழ் எதுவும் வரவில்லை, புண்ணும் இல்லை. அம்மா சொன்னபடி கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவினேன், இளநீர் குடித்தேன். மெடிக்கல் ஷாப்பில் மூன்று நாள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு ஒரு லாட்ஜில் முகாம் போட்டிருந்த வைத்தியர் நாடி பார்த்து, 'மேகநோய் எலும்பு வரை இறங்கிவிட்டது' என்று சொல்லிப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு லேகியம் கொடுத்தார். குணமில்லை.

உடம்பு முடியவில்லை என்று ஓனரிடம் சொல்லிவிட்டு இப்போது ஊரில் இருக்கிறேன். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை விரதம் என்று சொல்லி மனைவியை விட்டுத் தள்ளிப் படுக்கிறேன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். எனக்கு எய்ட்ஸ்தான் வந்துவிட்டதா? பரிசோதனைக்குப் போகவே காலும் கையும் நடுங்குகிறது.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. ஒன்று, அந்தச் சம்பவத்துக்குப் பின் பல மாதம் ஒன்றுமே இல்லை என்பது. மற்றொன்று, சீழும் இல்லை புண்ணும் இல்லை என்பது. இவற்றை வைத்துப் பார்த்தால் உங்களுடைய இப்போதைய தொந்தரவுக்கும் அந்த இரவுக்கும் தொடர்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதல் பாதியை மட்டும் கேட்டு நிம்மதியாகப் போய்விடாதீர்கள்.

பால்வினை நோய்களில் வெட்டை எனப்படும் கொனோரியா பெரும்பாலும் 2 முதல் 7 நாளுக்குள் தன்னைக் காட்டிவிடும். மஞ்சளாகச் சீழ் வரும், எரிச்சல் தாங்க முடியாது. கிளமீடியா ஒன்று முதல் மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். ஹெர்பிஸ் எனப்படும் அக்கி வகைக் கொப்புளங்கள் இரண்டு வாரத்துக்குள் தெரியும். சிபிலிஸ் என்னும் கிரந்தியின் முதல் புண், வலியே இல்லாமல், சராசரியாக 3 வாரத்தில் வரும். அதிகபட்சம் 90 நாள். மாசியில் நடந்தது ஐப்பசியில் வந்து முதல் தடவையாக எரிச்சல் கொடுப்பது இந்தக் கணக்குகளில் பொருந்தவில்லை. வயதும் ஒரு தடயம். முப்பத்தைந்துக்குக் கீழே உள்ள ஆணுக்குச் சிறுநீர்த்தாரையில் எரிச்சல் என்றால் மருத்துவர் முதலில் பால்வினைத் தொற்றை நினைப்பார். அதற்கு மேற்பட்ட வயதில் குடலில் வாழும் ஈ. கோலை கிருமியையும் புராஸ்டேட் சுரப்பியையும்தான் முதலில் சந்தேகிப்பார்.

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கிறது. சிறுநீர்த்தாரை அதன் நடுவில் புகுந்துதான் வெளியே வருகிறது. சுரப்பி வீங்கினாலும் சுற்றியுள்ள தசைகள் இறுகினாலும் சிறுநீர் காத்திருந்து வரும், சன்னமாக வரும், முடிந்த பிறகும் சொட்டும். நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் இந்த இடத்தைச் சுட்டுகின்றன. விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், உட்கார உட்காரக் கூடும் கனமான வலி என்று எழுதியிருக்கிறீர்களே, நாள்பட்ட புராஸ்டேட் வலிக்காரர்கள் அநேகமாக எல்லோரும் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கை வைத்துக் காட்டும் இடம் அதுதான். காட்டும்போது கண்கள் வாசல் பக்கம் போகும், யாராவது கேட்டுவிடுவார்களோ என்று.

புராஸ்டேட் அழற்சியை மருத்துவர்கள் நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். குளிர் ஜுரத்தோடு திடீரென்று வருவது, கிருமியால் திரும்பத் திரும்ப வருவது, கிருமி எதுவும் பிடிபடாமல் மூன்று மாதத்துக்கு மேல் வலி மட்டும் நீடிப்பது, தொந்தரவே தராமல் வேறு பரிசோதனையில் தற்செயலாகத் தெரியவருவது. நான் பார்ப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மூன்றாம் வகை. அதாவது, அவர்களுக்கு இருப்பது தொற்றே இல்லை. இடுப்பின் அடித்தளத் தசைகள் இறுகிப்போயிருக்கும், அங்குள்ள நரம்புகள் முறுக்கேறியிருக்கும். பயமும் மனவேதனையும் அந்த இறுக்கத்தை இன்னும் கூட்டும். ஓட்டுநர் இருக்கையில் பகல் முழுக்க உட்காருவதும் அதிர்வும் அதைத் தூண்டும். இதோடு தண்ணீர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ரிக் வண்டிக்காரர்களும் தறி ஓட்டுபவர்களும் ஃபவுண்டரியில் நிற்பவர்களும் வியர்வை ஊற்ற வேலை செய்துவிட்டு, ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அடர்ந்த சிறுநீர் எரியும். கல்லும் அதில்தான் உருவாகும். சிறுநீர்ப்பையின் வாசலில் வந்து நிற்கும் சிறு கல் ஒன்று, அடிக்கடி சிறுநீர் வருவதையும் குறியின் நுனியில் வலியையும் அப்படியே உண்டாக்கிவிடும். உங்கள் ஸ்கேனில் அதையும் பார்க்க வேண்டும்.

சரி, வாய்ப்பு குறைவு என்கிறேன், பிறகு ஏன் பரிசோதனை? ஏனென்றால் கிளமீடியா பல ஆண்களிடம் அடையாளமே காட்டாமல் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். சிபிலிஸ் புண் தானாக ஆறிவிடும், நோய் ஆறாது. எச்.ஐ.வி. பல வருடம் வெளியே தெரியாது. உறை இல்லாமல் ஒரே ஒரு தடவை என்றாலும், அது நடந்தபின் நீங்கள் மனைவியோடு வாழ்ந்திருக்கிறீர்கள். அவருடைய உடம்புக்காகவும் இந்தப் பதிலைத் தெரிந்துகொள்ளும் கடமை உங்களுக்கு இருக்கிறது.

சிறுநீர் கொடுப்பதில் பலர் குழப்பிக்கொள்வதால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இரண்டு தனித்தனி மாதிரிகள் தேவை. கொனோரியா, கிளமீடியா இரண்டுக்கும் மரபணு முறையில் பார்க்கும் பரிசோதனைக்கு, குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, கழுவாமல், முதலில் வரும் 20, 30 மில்லியைப் பிடிக்க வேண்டும். சிறுநீர்த்தாரையின் சுவரில் ஒட்டியிருக்கும் கிருமி அந்த முதல் பங்கோடுதான் வரும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு நேர்மாறு. முன்தோலைப் பின்தள்ளிச் சுத்தமான தண்ணீரில் கழுவி, முதல் பங்கைக் கழிவறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய டப்பாவில் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே டப்பாவை நீட்டினால் வரும் முடிவை நம்ப முடியாது. மரபணுப் பரிசோதனைக்குக் கோவை, சேலத்தில் உள்ள பெரிய பரிசோதனைக் கூடங்களில் கேளுங்கள். இவற்றோடு சிபிலிஸ், மஞ்சள் காமாலை 'பி', எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கு இரத்தம் கொடுங்கள். சர்க்கரையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பாருங்கள். வயிற்று ஸ்கேனில் சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மீதி நிற்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி. பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கை நடுங்குவது அதற்காகத்தான். சிறுநீர் எரிச்சல் எச்.ஐ.வி.யின் அடையாளம் அல்ல. இப்போதைய பரிசோதனைகளில் பெரும்பாலும் ஆறு வாரத்திலேயே தெரிந்துவிடும், பழைய முறையிலும் மூன்று மாதம் போதும். உங்களுக்குப் பத்து மாதம் ஆகிவிட்டது. இல்லை என்று வந்தால் அந்த இரவைப் பொறுத்தவரை இல்லைதான். மறுபடி மறுபடி பார்க்கத் தேவையில்லை. இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவால் கண்டறியப்பட்டது. பிறகு 2000-களின் தொடக்கத்தில் 'புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று விழிப்புணர்வு விளம்பரம் சுவரெல்லாம் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது நீங்கள் வண்டியில் கிளீனராகவோ டிரில்லராகவோ இருந்திருப்பீர்கள். லாரிக்காரன், ரிக்காரன் என்றாலே சந்தேகமாகப் பார்த்த காலம் அது. அந்தப் பயம் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் இன்னும் கரையவில்லை. அதன் பின் நடந்த நல்ல செய்தி மட்டும் பரவவில்லை. 2004-லிருந்து அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசம். ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் கிருமி அளவிட முடியாத நிலைக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு மூலம் அது மனைவிக்குப் பரவுவதில்லை. அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையம் இருக்கிறது. நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. சொந்த ஊர் ஆட்கள் கண்ணில் பட வேண்டாம் என்று தோன்றினால் பெருந்துறைக்கோ சேலத்துக்கோ போங்கள். பரிசோதனை இலவசம். முன்னும் பின்னும் ஆலோசகர் தனியாகப் பேசுவார். உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. போவதற்கு முன் பேச வேண்டுமென்றால் 1097 என்ற இலவச எண்ணை அழையுங்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

சிறுநீரக அறுவை மருத்துவரிடம் போனால் ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்ப்பார். நம் பக்கத்து ஆண்கள் இதற்குப் பயந்தே வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இடதுபக்கம் ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துப் படுக்கச் சொல்வார்கள். கையுறையில் ஜெல் தடவியிருக்கும். வாயால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள், தசை தளர்ந்துவிடும். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தில் சுரப்பியின் அளவும், கட்டி ஏதும் இருக்கிறதா என்பதும், அழுத்தினால் உங்கள் வலி கிளம்புகிறதா என்பதும் தெரிந்துவிடும். புராஸ்டேட் சுரக்கும் புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையை இப்போது நீங்களாகப் போய் எடுத்துவிடாதீர்கள். தொற்றோ அழற்சியோ இருக்கும்போது அது பொய்யாக உயர்ந்து, புற்றுநோயோ என்ற இரண்டாவது பயத்தை உண்டாக்கும். தேவை என்றால் எல்லாம் அடங்கிச் சில வாரம் கழித்து மருத்துவரே எழுதுவார்.

லாட்ஜில் உட்கார்ந்து நாடி பார்த்து மேகம் எலும்பில் இறங்கியது என்று சொன்னவர் உங்கள் சிறுநீரைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் உள்ள கோபம் கொஞ்சமல்ல. உங்கள் வெட்கத்தை விலை பேசிப் பன்னிரண்டாயிரம் வாங்கியிருக்கிறார். அந்த லேகியத்தை நிறுத்துங்கள். அதில் என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, சிறுநீரகம்தான் அதைச் சுமக்கும். மெடிக்கல் ஷாப் மாத்திரையும் அப்படித்தான். மூன்று நாள் ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லாமல் மயக்கிவைக்கும், கல்ச்சரில் பிடிபடாமல் செய்யும். சுண்ணாம்பால் கெடுதல் இல்லை, குணமும் இல்லை. இளநீர் நல்லது, தண்ணீரும் நல்லது.

முடிவுகளில் தொற்று இல்லை என்று வந்தால் சிகிச்சை வேறு வழியில் போகும். சிறுநீர் வாசலைத் தளர்த்தும் மாத்திரை, சில வாரம் வலி மருந்து, இடுப்புத் தசையைத் தளர்த்தும் பிசியோதெரபி, வண்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடப்பது, இரவில் வெந்நீர்த் தொட்டியில் இடுப்பு மூழ்க உட்காருவது. உடனே குணம் தெரியாது, மாதங்கள் ஆகலாம். நடுவில் ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம். ஆனால் குளிர் ஜுரத்தோடு எரிச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, இரத்தம் வந்தாலோ, விரை வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், இரவானாலும்.

மனைவி விஷயம். முடிவு வரும்வரை விலகி இருப்பது சரியே. அதற்குப் பழனியாண்டவனைச் சாக்குச் சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். அவருக்கு ஏதோ புரிந்துகொண்டுதான் இருக்கும், அவரும் தனியாக வேதனைப்பட்டுக்கொண்டிருப்பார். பால்வினைத் தொற்று ஏதாவது இருக்கிறது என்று வந்தால் அவரிடம் சொல்லியே ஆக வேண்டும், அவருக்கும் தாமதிக்காமல் பரிசோதனையும் தேவையான சிகிச்சையும் தொடங்க வேண்டும். நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் அந்தப் பேச்சுக்குத் துணை இருப்பார். ஒன்றும் இல்லை என்று வந்தால், அந்த இரவைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இருவருக்குள் உள்ளது. மருத்துவர் அதில் நுழைய மாட்டார். சிறுநீரில் எரிச்சலும் வலியும் இருக்கிறது, அதனால்தான் தள்ளிப் படுத்தேன் என்று மட்டும் இன்றைக்கே சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

கேள்வி: வயது 24. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை, திருமணம் ஆகவில்லை. ஒரு பெண்ணுடன் பழகி நான்காம் நாள் உள்ளாடையில் மஞ்சளாகச் சீழ். நண்பன் வாங்கித் தந்த மாத்திரையில் குறைந்தது. நிறுத்தியதும் திரும்ப வந்துவிட்டது. இப்போது ஒருபக்க விரை கனக்கிறது. புராஸ்டேட் பிரச்சினை என்று இணையத்தில் படித்தேன். அதுவாக இருக்குமா?

பதில்: இல்லை தம்பி. மேலே உள்ளவருக்கு நான் சொன்ன ஆறுதல் உங்களுக்குப் பொருந்தாது. நான்காம் நாள் சீழ் என்பது கொனோரியாவின் தெளிவான அடையாளம், கிளமீடியாவும் கூடவே இருக்கலாம். விரை கனப்பது தொற்று மேலே ஏறுகிறது என்பதன் எச்சரிக்கை. தள்ளிப்போட்டால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம். இதைப் படித்த நாளிலேயே அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போங்கள். கொனோரியா பழைய மாத்திரைகள் பலவற்றுக்கு இப்போது கட்டுப்படுவதில்லை. ஊசியும் கூடவே மாத்திரையும் சரியான அளவில் தேவை, அதை நண்பர் தீர்மானிக்க முடியாது. வலி திடீரென்று கடுமையாகி வாந்தியும் வந்தால் விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம், அதற்குச் சில மணி நேரம்தான் அவகாசம்.

அந்தப் பெண்ணிடம் கட்டாயம் சொல்லுங்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே தெரியாது. கருக்குழாய் அடைத்துப்போன பின்தான் தெரியவரும். இருவரும் சிகிச்சை முடித்து ஏழு நாள் வரை உறவு கூடாது. எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனையை இப்போது ஒருமுறையும் மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் செய்யுங்கள்.

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் விவசாயம். வயது 61. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டு மாதமாகக் குறியின் முன்தோலில் அரிப்பு, சிவப்பு, சிறு சிறு வெடிப்பு, வெள்ளையாகப் படிகிறது. சிறுநீர் பட்டால் எரிகிறது. நான் எங்கும் போனதில்லை. ஆனால் என் மனைவி சந்தேகப்பட்டு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த வயதில் இந்த அவமானம் தாங்க முடியவில்லை.

பதில்: ஐயா, நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்றுக்கு உரியவை. சர்க்கரை நோயாளிகளுக்கு இது சர்வசாதாரணமாக வரும், வெளியே போய் வாங்கி வர வேண்டியதில்லை. உங்கள் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு முன் டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயரில் புது மாத்திரை எழுதியிருக்கிறார்களா? இந்த மருந்துகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றி வேலை செய்கின்றன. அந்தச் சர்க்கரை முன்தோலுக்குள் தங்கினால் பூஞ்சைக்கு அதுவே உணவு. இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது பாதுகாப்பு தருகிறது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சைக்கான களிம்பில் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். திரும்பத் திரும்ப வந்தால் மருந்தை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். ஒவ்வொரு முறையும் சிறுநீர் கழித்தபின் வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றி எடுங்கள். சோப்பும் டெட்டாலும் வேண்டாம். வெடிப்பால் முன்தோல் பின்னால் போகவில்லை என்றாலோ, ஆறாத புண்ணோ கெட்டியான தடிப்போ தெரிந்தாலோ சிறுநீரக அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும். விரைப்பைப் பகுதியில் கடும் வலியும் ஜுரமும் வந்தால் அது அவசரம், காத்திருக்கக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது உங்கள் மனைவியையும் அழைத்துப் போங்கள். அவருக்கும் அரிப்பு இருந்தால் அன்றே மருந்து வாங்கிவிடலாம். மாத்திரைதான் காரணம் என்றால் அதை மருத்துவர் வாயாலேயே அவர் கேட்கட்டும்.